கொசுறாகப் போன காற்றாடி

சீனாவிலிருந்து வந்த பொட்டலத்தைப் பிரிக்கும்போது சுகுமாறன் சந்தோஷமாகத்தான் இருந்தான். உள்ளங்கையில் அடங்கும் பொட்டலம். அதற்குள் அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிதாக, இரண்டு பக்கமும் கம்பி முளைத்த ஃபியூஸ்கள். மேசையில் சுழலும் மின்சாரக் காற்றாடியின் மோட்டாருக்குள் செம்புச் சுருளோடு சுருளாகப் படுத்துக் கிடக்கும் ஜாதி அது. மோட்டார் அளவு மீறிச் சூடானால் தன் உயிரை விட்டு மின்சாரத்தை அறுத்துவிடும். காற்றாடி கெட்டுப்போச்சு என்று வீட்டுக்காரன் திட்டுவானே தவிர, தன் கூரையைக் காப்பாற்றியது அந்தப் பொடிசு என்று கடைசிவரை அறிய மாட்டான். நன்றி கிடைக்காத உத்தியோகம்.

ஜொகூர்ப் பக்கம் உலு திராமில் அவன் கடைப் பலகையில் இன்னும் 'சுகு டிவி கிளினிக்' என்றுதான் இருந்தது. டிவிக்கு வைத்தியம் பார்த்து எவ்வளவோ காலமாயிற்று. டிவிக்கெல்லாம் முதுகு பெருத்திருந்த நாளில், தீபாவளிக்கு முந்திய வாரம் அவனுக்குச் சோறு தின்ன நேரமிருக்காது. மாமியாருக்கு நெஞ்சுவலி வந்தாலும் அவ்வளவு வேகமாகத் தூக்கி வரமாட்டார்கள். படம் தெரியாத டிவியைக் குடும்பமே சேர்ந்து தூக்கி வரும். பிறகு வீடியோ பெட்டி வந்தது, அதற்குத் தலை துடைத்தான். சிடி பெட்டி வந்தது, அதற்குக் கண் துடைத்தான். அப்புறம் சாமி படம் மாதிரி சுவரில் தொங்கும் டிவி வந்தது. அதற்குத் தலையும் இல்லை, கண்ணும் இல்லை. திறந்தால் உள்ளே ஓர் அட்டை. அந்த அட்டையின் விலைக்குப் புது டிவியே வாங்கிவிடலாம். கம்பெனிக்காரன் ஸ்க்ரூ இருந்த இடத்தில் பசையைத் தடவினான். பசை தடவாத இடத்தில், திறந்தால் வாரண்டி கிடையாது என்று மிரட்டி ஒட்டினான். ஜொகூர் பாருவில் சுகுமாறனுக்கு உதிரிபாகம் கொடுத்துவந்த சீனத் தவுக்கே முதலாளியும் கடையைச் சாத்தினார். அதே இடத்தில் இப்போது பால் தேநீரில் ஜவ்வரிசி போட்டு விற்கிறார்கள். வரிசை ரோடு வரைக்கும் நிற்கிறது.

பழுது பார்க்கச் சொல்லி யாரும் வராததால், சுகுமாறன் பழுதானதையே விலைக்கு வாங்க ஆரம்பித்தான். பழைய சாமான் லாரிக்காரன் ஒலிபெருக்கி வைத்து வீடுவீடாக அள்ளி வரும் காற்றாடி, சோற்றுப்பானை, இஸ்திரிப்பெட்டி எல்லாம் அவனிடம்தான் இறங்கும். உயிர் கொடுத்து, துடைத்து, வாசலில் வைத்தால் வாங்க ஆள் உண்டு. தொழிற்சாலையில் வேலை செய்யும் வங்காளதேசத்துப் பையன்கள், சாப்பாட்டுக் கடைக்காரர்கள், அப்புறம் கையில் காசிருந்தும் பேரம் பேசாவிட்டால் தூக்கம் வராதவர்கள்.

விற்பது அவன் மனைவி கஸ்தூரி. சைக்கிளில் துணி விற்றவர் மகள். சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு போகிறவனை அவள் மதிக்கவே மாட்டாள்.

ஃபியூஸ் ஒன்றை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு சுகுமாறன் மேசைக்கடியில் குனிந்தான். நீலக் காற்றாடி அங்கே இல்லை.

"கஸ்தூரி, இங்க இருந்த நீலக் காத்தாடி எங்க?"

"எந்த நீலம்?"

"மேசைக்குக் கீழ இருந்துச்சே. முதுகு மூடியில ஒரு ஸ்க்ரூ இல்லாம."

"ஓ, அதுவா." கஸ்தூரி வாசலில் சோற்றுப்பானை ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "ஸ்க்ரூ போட்டு யோகம் மிஸ்ஸிக்குக் கொடுத்தாச்சு. நேத்து நீங்க லாபிஸ் கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப வந்தாங்க. காத்தாடியா அள்ளிக்கிட்டுப் போனாங்க லா. கொசுறு கேட்டு ஒரே அடம். சரி, மூலையில சும்மா கெடக்குதேன்னு அதைத் தூக்கிக் கொடுத்தேன்."

சுகுமாறன் மேசைக்கடியிலிருந்து நிமிர்ந்தான்.

"அத ஏன் கொடுத்த?"

"ஓட்டிப் பார்த்துட்டுத்தான் கொடுத்தேன். ஜம்முன்னு ஓடுச்சு."

ஓடும். ஓடத்தான் செய்யும். அதுதானே பயமே.

அந்தக் காற்றாடியின் ஃபியூஸ் செத்திருந்தது. சுருள் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, செத்த ஃபியூஸின் இரண்டு முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்து முறுக்கி ஓட்டிப் பார்த்திருந்தான். இந்தத் தொழிலில் இதற்கு 'டைரக்ட்' என்று பெயர். எல்லோரும் செய்வதுதான். ஓடினால் சுருள் நல்லது. கம்பியைக் கழற்றிவிட்டுப் புது ஃபியூஸ் வைக்க வேண்டும். கையில் ஃபியூஸ் இல்லை. பொட்டலம் வரட்டும் என்று மூடியைப் பூட்டி ஓரமாக வைத்தான். வைக்கும்போது, எப்போதும் செய்வதுபோல, ஒரு ஸ்க்ரூவை மட்டும் போடவில்லை. ஸ்க்ரூ ஒன்று குறைந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். அந்த அடையாளம் அவனுக்கு மட்டும் தெரியும். மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அவளிடம் மறைக்க வேண்டும் என்றில்லை. கடை ரகசியம் வாயைவிட்டு வெளியே போனால் கடைக்கு ஆகாது என்பது அவன் வளர்ந்த விதம்.

அது மட்டுமில்லை. அந்த ஃபியூஸ் சும்மா சாகவில்லை. தண்டு இறுகிப்போய் மோட்டார் திணறியதால் செத்தது. சூடேறிய பிறகுதான் தெரியும் அந்த இறுக்கத்தையும் அவன் இன்னும் சரிசெய்யவில்லை. இரண்டையும் ஒன்றாகச் செய்துகொள்ளலாம் என்று விட்டிருந்தான்.

"ஸ்க்ரூவ ஏன் போட்ட?" என்றான்.

"போடாம? முதுகுல ஓட்டையோட கொடுத்தா மிஸ்ஸி அதையே புடிச்சிக்கிட்டு மத்ததுக்கெல்லாம் விலையக் கொறைப்பாங்க. உங்களுக்கு மறதி. நான்தான் எல்லாத்தையும் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியிருக்கு." அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். "என்னங்க, ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?"

சொன்னான். சூடானால் நிற்காது, எரியும்வரை ஓடும் என்றான். கஸ்தூரி துணியைக் கீழே வைத்தாள்.

"அலமாக்," என்றாள் மெல்ல. "மிஸ்ஸி வீட்டுல எல்லாரும் படுத்தபடி கெடக்கிறவங்க."

யோகம் மிஸ்ஸி யாழ்ப்பாணத்து வம்சம். அரசாங்க ஆஸ்பத்திரியில் தலைமைத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர்; தாதி என்றால் ஊருக்கு மிஸ்ஸி. பொந்தியானில் தன் வீட்டையே முதியோர் பராமரிப்பு இல்லமாக்கி வைத்திருந்தார். எழுந்து நடக்க முடியாதவர்களைப் பிள்ளைகள் கொண்டுவந்து விட்டுவிட்டு, சனி ஞாயிறில் பழம் வாங்கிக்கொண்டு வருவார்கள். உலு திராமில் தம்பி வீட்டுக்கு வரும்போதெல்லாம் மிஸ்ஸி இந்தக் கடையில் ஏறி, கஸ்தூரியோடு ஒரு மல்யுத்தம் நடத்தாமல் போகமாட்டார்.

நேற்றிலிருந்து அது ஓடிக்கொண்டிருக்கும். சுகுமாறன் ஃபியூஸை மேசையில் வைத்தான். போனை எடுத்தான்.

"மிஸ்ஸி, நான் சுகுமாறன். நேத்து எடுத்துக்கிட்டுப் போனீங்களே, அந்த நீலக் காத்தாடி…"

"ஓம். அதுக்கென்ன?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. வந்ததைப் பார்த்து நாக்கே பயந்துவிட்டது. சுகு கடைச் சாமான் எரியும் என்று ஒரு பேச்சு கிளம்பினால் பொந்தியானிலிருந்து லாபிஸ் வரைக்கும் ஒருத்தன் வாசலை மிதிக்கமாட்டான். ஆகவே நாக்கு வேறொன்றை எடுத்து நீட்டியது.

"அது வேற ஆளு சொல்லி வச்சது மிஸ்ஸி. வீட்டுக்காரி தெரியாம கொடுத்துட்டா. அதை மட்டும் நிப்பாட்டி வைங்க, நான் வந்து எடுத்துக்கிட்டு வேற தரேன்."

மறுமுனையில் கணக்குப் போடும் மூச்சு. வியாபாரி மூச்சு.

"கொசுறாத் தந்த சாமானுக்குச் சொல்லி வச்ச ஆளோ?" என்றார் மிஸ்ஸி. "நான் சின்னப்பிள்ளை இல்லைத் தம்பி. அதிலை ஏதோ இருக்கு, இப்பதான் உமக்குத் தெரிஞ்சிருக்கு. தந்தது தந்ததுதான்."

துண்டித்துவிட்டார்.

சுகுமாறன் உடனே திரும்ப அழைத்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தான். பிறகு மணியே அடிக்கவில்லை. 'காத்தாடி சுவிட்சை அடைங்க, தீப்பிடிக்கும்' என்று செய்தி அனுப்பினான். ஒற்றைச் சரிக்குறி விழுந்தது. இரண்டாவது விழவே இல்லை. போலீசுக்கோ தீயணைப்புக்கோ அழைக்கலாம். அழைத்தால் முதலில் பெயரைக் கேட்பார்கள். எண்களின் மேல் விரல் நின்றது. இறங்கவில்லை. அந்த விரலைப் பார்க்க அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

"இன்னும் என்ன நிக்கிறீங்க," என்றாள் கஸ்தூரி. வேன் சாவி அவள் கையில் இருந்தது.

உலு திராமிலிருந்து பொந்தியான் என்பது ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போவது மாதிரி. ஸ்கூடாயில் வழக்கம்போல நெரிசல். முன்னால் நின்ற லாரியின் பின்கதவை வெறித்துக்கொண்டு சுகுமாறன் உட்கார்ந்திருந்தான். கண்ணை மூடினால் மோட்டார் தெரிந்தது. முதலில் சுருளின் மேல் பூசிய வார்னிஷ் மணக்கும். அப்புறம் அது உருகும். கம்பியும் கம்பியும் தொடும். பிறகு மூடி இளகித் தொங்கி, ஒரு சொட்டு எரிந்துகொண்டே கீழே விழும். கீழே என்ன இருக்கும்? பாயா, மெத்தையா, போர்வையா? எழுந்து ஓட முடியாத கால்களின் மேல் கிடக்கும் போர்வை. கண்ணைத் திறந்தான். லாரி நகரவில்லை.

போன் அடித்தது. மிஸ்ஸி என்று பாய்ந்து எடுத்தான். கஸ்தூரி.

"மிஸ்ஸிக்கு நானும் அடிச்சிக்கிட்டே இருக்கேன், கெடைக்கல. நீங்க எங்க இருக்கீங்க?"

"ஸ்கூடாய். கஸ்தூரி, ஒண்ணு கேக்கணும்." கேட்கப் பயமாக இருந்தது. "இதுக்கு முன்னாடி… ஸ்க்ரூ கொறைஞ்சிருந்தா… போட்டிருக்கியா?"

"பார்க்கிறப்பெல்லாம் போடுவேன். டின்ல எவ்வளவு ஸ்க்ரூ சும்மா கெடக்கு." சொல்லும்போதே அவள் குரல் தேய்ந்தது. "என்னங்க. அதெல்லாமா?"

சுகுமாறன் மனசுக்குள் கணக்குப் பார்த்தான். பாதிக்குமேல் அவன் அப்புறம் திறந்து வேலையை முடித்திருப்பான். முடித்திருப்பான்தான். ஆனால் ஸ்க்ரூ முழுசாக இருந்தால் அவன் ஏன் திறக்கப்போகிறான்? முடிந்த வேலை என்று துடைத்து வாசலில் வைத்திருப்பான். தன் கையாலேயே.

"யோசிச்சு வை," என்றான். "யார் யாருக்குன்னு. உனக்கு முகம் மறக்காது."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். முன்னால் லாரி போயிருந்தது.

பெக்கான் நனாஸ் தாண்டியபோது அன்னாசித் தோட்டத்துப் பக்கம் புகை எழுந்தது. வெறும் சருகுப் புகை என்று மூளைக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை, ஆக்சிலேட்டரை மிதித்தது. கொஞ்ச தூரத்தில் பின்னாலிருந்து சைரன். சிவப்பு வண்டி. தீயணைப்பு. வேனை ஓரம் கட்டி வழிவிட்டான். அது அவனைக் கடந்து பொந்தியான் பக்கமே பாய்ந்தது. அவசரத்துக்கு அவன் வாயில் வந்த பிரார்த்தனை, கோயிலில் எந்த ஐயரும் சொல்லித் தராதது: யார் வீட்டுக்குள்ளாவது பாம்பு புகுந்திருக்கட்டும், முருகா. பெரிய பாம்பாகவே இருக்கட்டும். குளவிக் கூடானாலும் சரி. அதற்கெல்லாமும் இங்கே அந்த வண்டியைத்தானே கூப்பிடுகிறார்கள்.

முருகன் எதை அனுப்பினானோ, சிவப்பு வண்டி நகரத்துக்கு முன்பே இடப்பக்கம் ஒரு கிராமத்துச் சாலையில் திரும்பிவிட்டது. வேறு யாருக்கோ வந்த கஷ்டத்தில் அவ்வளவு நிம்மதி அடைந்ததற்கு அவன் பிறகு வெட்கப்பட்டான். அப்போது நேரமில்லை.

மிஸ்ஸியின் வீடு எரியவில்லை. வெயிலில் வெள்ளையாக, சாதுவாக நின்றது. போர்ட்டிகோவில் யோகம் மிஸ்ஸி நாற்காலி போட்டு, துவைத்த கைலிச் சாரங்களை மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் அணைத்துவைத்த போன் கவிழ்ந்து கிடந்தது. வேனைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு திருப்தி படர்ந்தது. தூண்டிலில் கனம் தெரிந்தவர் முகம்.

"வந்திட்டீரா," என்றார். "இவ்வளவு தூரம் எண்ணெய் எரிச்சு வாறதெண்டால், சாமான் பெறுமதியானதுதான்."

"மிஸ்ஸி, அந்தக் காத்தாடிய முதல்ல நிப்பாட்டணும். எங்க இருக்கு?"

"இருக்கிற இடத்திலை இருக்கு. முதல்லை இரும். என்ன தருவீர் எண்டு சொல்லும்."

"ரெண்டு தரேன். புதுசு."

சொன்ன மறுநொடியே தப்பு புரிந்தது. ஓசியில் போன ஒரு பழைய காற்றாடிக்குப் புதுசு இரண்டு தருகிறேன் என்றால், அதற்குள் தங்கம் இருக்கிறது என்று நாமே சத்தியம் செய்து கொடுக்கிற மாதிரி. மிஸ்ஸியின் புருவம் மேலே போனது. கையிலிருந்த சாரம் மடியில் இறங்கியது.

"ரெண்டோ?" என்றார். "அப்ப நான் ஒருதரையும் தொட விடமாட்டன்."

உள்ளேயிருந்து டக் டக்கென்று சத்தம் வந்தது. இரும்பில் கரண்டி படுகிற சத்தம். நின்றது. மறுபடி வந்தது, கொஞ்சம் வேகமாக.

"அது யாரு?" என்றான் சுகுமாறன்.

"வைத்தியலிங்கம் ஐயா. ரயில்வேயிலை இருந்தவர். வாதம் விழுந்து பேச்சு இல்லை, வலக்கை மட்டும்தான் அசையும். தேத்தண்ணி வேணுமெண்டால் கட்டில் கம்பியிலை தட்டுவார். இன்னும் நேரமாகேல்லை. தட்டட்டும்." மிஸ்ஸி அடுத்த சாரத்தை எடுத்தார். "சொல்லும். அதுக்குள்ளை என்ன?"

டக் டக் டக்.

"மிஸ்ஸி," என்றான் சுகுமாறன். "உள்ள ஒண்ணும் இல்ல. இருக்க வேண்டிய ஃபியூஸ்கூட இல்ல. நான் வேலைய முடிக்கல. அது எரிஞ்சிடும்."

மிஸ்ஸி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். வாய்விட்டு, உடம்பு குலுங்க.

"இது நல்லாயிருக்கு. காலைமை வேற ஆள் சொல்லி வச்சது எண்டீர். இப்ப எரியும் எண்டிறீர். நேற்று உம்மட மனுசி, கடையிலேயே அதுதான் முதல்தரம், மனசு வந்து தாறன் எண்டு என்ர கையைப் பிடிச்சுச் சொன்னவ. புருசனை நம்பிறதோ பொஞ்சாதியை நம்பிறதோ?"

இத்தனை வருஷம் பேசிய பேரத்தில் அவன் ஒரு நாளாவது உண்மை விலை சொல்லியிருந்தால் இப்போது கைகொடுத்திருக்கும். சொன்னதில்லை. அவரும் சொன்னதில்லை. அது ஆட்டத்தின் விதி, இருவருக்கும் பிடித்திருந்தது.

"யார் ரூம்ல வச்சிருக்கீங்க?"

"ஐயாவின்ர அறையிலைதான். அது கொஞ்சம் இரையுது. மற்ற அறையிலை வச்சால் சண்டைக்கு வருவினம். அவர் பாவம், ஒண்டும் சொல்லமாட்டார்."

டக் டக் சத்தம் இப்போது இடைவெளி விடவில்லை.

சுகுமாறன் மிஸ்ஸியைத் தாண்டி உள்ளே ஓடினான். "நில்லும்," என்று பின்னால் குரல் கேட்டது, நாற்காலி விழுந்தது. சத்தம் வந்த பக்கம் ஓடினான். கடைசி அறைக் கதவு காற்றில் அடித்துச் சாத்தியிருந்தது. தள்ளினான்.

மணம்தான் முதலில் முகத்தில் அடித்தது. கருவாடு கருகியது போன்ற மணம்; மின்சாரம் கருகும்போது வரும் அந்த மணத்தை அவன் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வான். கட்டிலின் தலைமாட்டில் நீலக் காற்றாடி. யாரோ ஈரத் துண்டை அதன் முதுகில் காயப் போட்டிருந்தார்கள். மோட்டாருக்குள் காற்றுப் போக வழியில்லை; இறகும் ஏறக்குறைய நின்றுவிட்டிருந்தது. தண்டு இறுகி, சாகப்போகிறவன் தலையாட்டுவதுபோல மெதுவாகத் திரும்பியது. அடியில் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. துண்டின் ஓரம் ஈரமெல்லாம் வற்றிப் பழுப்பேறியிருந்தது. அதற்குள்ளிருந்து புகை, ஊதுவத்திப் புகை அளவுக்கு, நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

கட்டிலில் பெரியவர். தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் முழுசாக அந்தப் பக்கம் ஓட்டியிருந்தார். கையில் கரண்டி. அந்தக் கண்ணைச் சுகுமாறன் ஒரு கணம்தான் பார்த்தான். போதும்.

பிளக்கைப் பிடுங்கினான். துண்டை இழுத்துத் தரையில் போட்டு மிதித்தான். காற்றாடியை முதுகோடு சேர்த்துத் தூக்கினான். இளகிய பிளாஸ்டிக் உள்ளங்கையில் அப்பிக்கொண்டது. விடவில்லை. வெளியே ஓடி முற்றத்துச் சிமெண்டில் எறிந்தான். அப்புறம்தான் கை வலிப்பது தெரிந்தது.

திரும்பி வந்தபோது மிஸ்ஸி ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டிருந்தார். கட்டிலில் உட்கார்ந்து பெரியவரின் கையைப் பிடித்திருந்தார். பிடித்தும் அந்தக் கை நிற்கவில்லை. டக் டக் என்று கம்பியில் அடித்துக்கொண்டே இருந்தது.

"நிண்டிட்டுது ஐயா. நிண்டிட்டுது. கொண்டுபோயிட்டாங்கள்," என்று மிஸ்ஸி சொல்லிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் ஆணையிட்ட குரல், இப்போது இழையிழையாகப் பிரிந்தது. கரண்டியை விரல்களிலிருந்து மெதுவாகப் பிரித்தெடுத்தார். வெறுங்கை கம்பியில் தட்டத் தொடங்கியது.

வெகுநேரம் கழித்து மிஸ்ஸி அவன் நின்றிருந்த முற்றத்துக்கு வந்தார். வந்ததும் சுகுமாறனின் கையைத் திருப்பிப் பார்த்து, குழாயடியில் பிடித்து, மருந்து தடவிக் கட்டினார். கட்டி முடித்த பிறகுதான் முகம் பார்த்தார்.

"நான் தட்டட்டும் எண்டு இருந்தனான்," என்றார். "தேத்தண்ணிக்கெண்டு நினைச்சு. நீர் வராட்டி அப்பிடியே இருந்திருப்பன்."

"நான் போன்லயே சொல்லியிருக்கணும் மிஸ்ஸி."

"ஓம். சொல்லியிருக்க வேணும்." சமாதானமாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. "அவற்ற மகளுக்கு நான் இதைச் சொல்லத்தான் வேணும். உம்மட பேரும் வரும். வீட்டை மூடச் சொன்னாலும் சொல்லுவினம்." பிறகு உள்ளே கை காட்டினார். "நேற்று வாங்கின மற்றதெல்லாம்?"

"அதெல்லாம் நல்லா…" என்று ஆரம்பித்தான். வாக்கியம் பாதியில் செத்தது. நல்லதுதானா?

மிஸ்ஸி எல்லாக் காற்றாடியையும் முற்றத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். நாற்காலியைக் கொண்டுவந்து எதிரே போட்டு உட்கார்ந்தார். சுகுமாறன் கட்டுப்போட்ட கையோடு ஒவ்வொன்றாக முதுகைத் திறந்தான். ஃபியூஸ் இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. எல்லாவற்றிலும் இருந்தது. மிஸ்ஸி எழுந்து வந்து தானும் குனிந்து பார்த்தார், விளங்காவிட்டாலும். உள்ளேயிருந்து இன்னும் அந்த மெல்லிய டக் டக் கேட்டுக்கொண்டிருந்தது.

"இனி இங்கை வராதையும்," என்றார் கடைசியில். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் உறைத்தது.

வேனில் ஏறிய பிறகு கஸ்தூரியை அழைத்துச் சொன்னான். அவள் அழுதாள். அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எனக்கு ரெண்டு மூணு பேர் ஞாபகம் வருது," என்றாள். "பெக்கான் நனாஸ் அய்யாவு அண்ணன். அன்னாசித் தோட்டத்துல வேலை செய்றவரு. மண் கலர்ல ஒரு காத்தாடி. அதுக்கும் நான் ஸ்க்ரூ போட்டேன். நல்லா ஞாபகம் இருக்கு, சின்ன ஸ்க்ரூ கெடைக்காம தேடினேன். வர்ற வழிதானே."

"நான் அதைத் திறந்து முடிச்சேனா இல்லையான்னு எனக்கு ஞாபகம் இல்ல," என்றான் சுகுமாறன்.

"போய்ப் பாருங்க. போன் நம்பர் இல்ல. நான் மத்தவங்களுக்கு அடிக்கிறேன். நேராவே சொல்லிடுறேன்."

"கடை போயிடும்."

"போகட்டும்," என்றாள் கஸ்தூரி.

அய்யாவுவின் வீடு சாலைக்கு உள்ளே தள்ளி, பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இருந்தது. பலகை. சுகுமாறன் வேனை நிறுத்தி இறங்குவதற்குள் அய்யாவு கேட்டுக்கு வந்துவிட்டார். ஒடிசலான மனிதர், பல்லிடுக்கில் குச்சி.

"என்ன தம்பி, உலு திராம் கடைதானே? இந்தப் பக்கம்?"

"அண்ணே, நீங்க வாங்கின காத்தாடிய நான் திருப்பி எடுத்துக்கணும்."

அய்யாவுவின் கண் சுருங்கியது. குச்சி வாயின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மாறியது. "வித்ததைத் திருப்பி வாங்க இவ்வளவு தூரமா? அப்ப அதுல ஏதோ இருக்கு. என்ன கொடுப்பீங்க? மெதுவா பேசுங்க, பேத்தி உள்ள தூங்குறா."

பலகைச் சுவருக்கு அப்பால் காற்றாடி ஓடும் சத்தம் கேட்டது. சீரான சத்தமா, திணறலா என்று சுகுமாறனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நெஞ்சின் சத்தம் குறுக்கே வந்தது.

"என்ன கேட்டாலும் தரேன்," என்றான். "நான் அதைச் சரியா முடிக்காம வித்துட்டேன் அண்ணே. தீப்பிடிக்கும். முதல்ல போய் பிளக்கைப் புடுங்குங்க. புள்ளையத் தூக்கிக்கிட்டு வெளிய வாங்க. பேரம் அதுக்கப்புறம் பேசிக்கலாம்."

அய்யாவு சிரிக்க வாயெடுத்தார். அவர் பார்வை கட்டுப்போட்ட கையில் விழுந்தது, அங்கிருந்து சுகுமாறனின் முகத்துக்கு ஏறியது. குச்சியைத் துப்பிவிட்டு உள்ளே ஓடினார்.

சுகுமாறன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே எதுவோ தட்டி விழுந்தது. காற்றாடிச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. நிற்கட்டும், நிற்கட்டும் என்று காதைக் கொடுத்துக் காத்திருந்தான்.